பதில் சொல்லாத பெட்டி

என் கணவர் காணாமல் போன பிறகு, அவர் வேலை பார்த்த லொறிக் கம்பெனியில் அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். எண்பதுகளின் கடைசி. பதுளைக் கடைவீதியில், மரப்படி ஏறிப் போகும் ஒரு மாடி அறை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் படியேறி வருவார்கள்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குச் சுயபுத்தி கிடையாது. தன்னோடு என்னென்ன பூட்டியிருக்கிறது என்று அதுவாகத் தேடாது. ஒரு சின்னக் கோப்பில் வரிவரியாக நாம்தான் எழுதிவைக்க வேண்டும். காலையில் ஸ்விட்சைப் போட்டதும் அதைப் படித்து ஒவ்வொன்றாகக் கூப்பிடும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு இதில் புதுமை எதுவும் தெரியவில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆட்கள் திரளும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார். வராத ஆளுக்குப் பக்கத்து வீட்டார் "வரலைங்க" என்று குரல் கொடுப்பார்கள்.

கணக்குகளை நகலெடுக்கும் பெட்டி ஒன்றை என் கணவர் கம்ப்யூட்டரில் பூட்டியிருந்தார். பத்திரத்துக்காக மாலையில் கழற்றி வீட்டுக்கு எடுத்து வருவார். ஒருநாள் ஊரடங்குக்கு முன் பஸ் பிடிக்கப் பெட்டியோடு கிளம்பியவர், வந்து சேரவில்லை. கோப்பில் அந்த வரி மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு காலையும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கூப்பிட்டுவிட்டு அப்படியே நிற்கும். பிறகு, கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் காட்டும். நான் வாய்க்குள் "வரலைங்க" என்பேன்.

"அந்த வரிய அழிச்சிரும்மா, எத்தன நாளைக்கு இப்படி?" என்றார் முதலாளி. நல்ல மனிதர்தான். ஆனால் என் கணவர் இனி இல்லை என்று என் வாயால் சொல்ல வைப்பதில் ஊரே குறியாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வரும். "செய்றேங்க முதலாளி" என்று சொல்லியே நாளைக் கடத்தினேன்.

நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கம்ப்யூட்டரைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் வரியை அழித்துவிட்டார். திரும்பி வந்து ஸ்விட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் எங்கும் நிற்காமல் மளமளவென்று கிளம்பியது.

"பாத்தியாம்மா, எவ்வளவு சுருக்கா வருது!" என்றார் முதலாளி.

இனி என் கணவரைக் கூப்பிட யாருமே இல்லை.

முதலாளி தொழுகைக்குக் கிளம்பும்வரை காத்திருந்தேன். அந்த வரி எனக்கு மனப்பாடம். ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். அது கூப்பிட்டது. நின்றது.

இந்தத் தடவை நான் "வரலைங்க" என்று சொல்லவில்லை. படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.