யூசுப் பாயின் தீக்குச்சி

யூசுப் பாய் போய்விட்டார். இன்று காலை பத்து மணிக்கு, வீட்டில், டீ கிளாஸ் கையில் இருக்கும்போதே... மாரடைப்பு.

மாரடைப்பு! அவர் மகள் நஸ்ரின் போனில் அந்த வார்த்தையைச் சொன்னதும் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மேற்குத் தாம்பரத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். எலெக்ட்ரீஷியன், பழைய ஸ்கூட்டர், பின்னால் டூல் பை. கூப்பிட்டால் "தோ, வந்துகினே கீறேன்" என்பார், ஒரு மணி நேரம் கழித்து வருவார்.

எனக்கு அவர் வேறு வகையில் சொந்தம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நோய்... ரத்தப் புற்றுநோயில் மெதுவாக வளரும் ஒரு வகை.

பதினொரு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதில் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, அதிலிருந்து வரும் புரதம் ரத்த செல்லைப் பார்த்து ஓயாமல் "பெருகு, பெருகு" என்கிறது என்று டாக்டர் விளக்கியிருந்தார்.

நான் பிளஸ் டூ விலங்கியல் டீச்சர். இதையெல்லாம் போர்டில் படம் போட்டு நடத்துகிறவள்... அன்றைக்கு ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது, அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் யூசுப் பாய். என் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு ஈசி டீச்சர். இது சுவிச்சு கோளாறு. ஆன்லயே மாட்டிகிச்சு, ஆஃப் ஆவ மாட்டேங்குது, அவ்ளோதான்."

டூல் பையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்தார். சாக்கெட் ஓட்டையில் ஒரு தீக்குச்சியைச் செருகி உடைத்துவிட்டு, பிளக்கை என் கையில் கொடுத்தார். "இப்ப சொருவுங்க பாக்கலாம்."

போகவில்லை.

"அந்தப் புரோட்டீனுக்கும் கரண்ட் எடுக்க ஒரு சாக்கெட் கீது. மாத்திரை போயி அதுல குந்திக்கும். கரண்ட் இல்லாங்காட்டி அது எப்டி கத்தும்?"

செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. மூலக்கூறு வந்து உட்காரும் குழியை மருந்து அடைப்பது... நான் ஒரு பீரியட் முழுக்க நடத்துவேன், அவர் ஒரு தீக்குச்சியில் முடித்துவிட்டார். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஆனால் அதே தீக்குச்சியில்தான் அவர் சறுக்கினார்.

பாய்க்குத் தொழிலில் ஒரு கொள்கை. யார் வீட்டிலும் டெம்பரரி வேலையை அப்படியே விட்டுவிட்டு வர மாட்டார், கோளாறு சரியானதும் அவசரத்துக்குச் செருகியதை உருவிவிடுவார்.

இரண்டு வருடம் கழித்து அவர் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டார்! மூன்று மாதம், யாரிடமும் மூச்சுவிடாமல்.

அடுத்த டெஸ்டில் ரத்த செல் எண்ணிக்கை எகிறியிருந்தது. டாக்டர் கத்தினார், நான் தாம்பரம் ட்ரெயினில் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன், மொத்தப் பெட்டியும் திரும்பிப் பார்த்தது.

"அறிவு இருக்கா பாய்? சுவிட்ச் சரியாகலை, அடைச்சுத்தான் வெச்சிருக்கோம்! ஜீன் அப்படியேதானே இருக்கு?"

பல்லாவரம் தாண்டும்வரை அவர் மடியிலிருந்த டூல் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "டெம்பரரின்னு நெனச்சிகினேன் டீச்சர்... இதான் பர்மனென்ட் வேலையா?" என்றார்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தும் நோய் அடங்கவில்லை. ஜீனில் இன்னொரு மாற்றம் வந்து, புரதத்தின் குழி வடிவம் மாறிவிட்டிருந்தது... பழைய குச்சி அதில் நிற்கவில்லை.

அந்த ரம்ஜானில் நஸ்ரின் எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று அழுதாள், உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார், வடிவம் மாறிய குழியிலும் பொருந்துகிற ஒன்று. ஆறு மாதம் கழித்து ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது போன் வந்தது.

"டீச்சர்! குந்திகிச்சு! டைட்டா குந்திகிச்சு!"

நான் போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார். பரீட்சை ரிசல்ட்டா என்றார், ஆமாம் சார் என்றேன்.

அன்று சாயங்காலம் பாய் ஒரு சபதம் எடுத்தார். "நம்ம ரெண்டு பேர் டெத் சர்டிபிகேட்லயும் இந்தச் சனியன் பேரு வரக் கூடாது டீச்சர். வேற இன்னா வேணா எழுதிக்கட்டும்."

அதற்கப்புறம் எட்டு வருடம், ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை. ஓ.பி.யில் புதிதாக யாராவது வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தால் டாக்டரே "பாய், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவார்.

அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதே தீக்குச்சி. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தார்: "நல்லாயிடுச்சுன்னு நீங்களா குச்சிய உருவாதீங்க. உருவிட்டு அவதிப்பட்ட கேனயன் நானு."

நேற்றுகூட அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டில் ஃபேன் மாட்டிவிட்டு வந்தாராம். எழுபது வயதில், ஏணி மேல் ஏறி!

இன்று அவர் வீட்டுக்குப் போனபோது, டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை நஸ்ரின் என்னிடம் நீட்டினாள். "அத்தா சொல்லிகினே இருப்பாரே டீச்சர்... நீங்களே பாருங்க."

இறப்புக்கான காரணம்: மாரடைப்பு. மேலிருந்து கீழே இரண்டு முறை தேடினேன்... அந்தப் பேர் எங்கேயும் இல்லை. கூட்டம் இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல் நஸ்ரினைக் கட்டிக்கொண்டேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை... ஆனாலும் வெறும் வயிற்றில் கூடாதே என்று இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

ஜெயிச்சுட்டீங்க பாய். போய் வாங்க... நான் குச்சியை உருவ மாட்டேன்.