அரைப்பேருக்கு ஆதாரம்

ஆய்வேட்டில் குறைந்தது ஐந்து வெளிநாட்டு ஆய்விதழ்க் கட்டுரைகளையாவது மேற்கோள் காட்டாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எங்கள் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் ஆண்டுதோறும் சொல்வார். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். பிள்ளைகள் நூலகத்துக்கு, அதாவது என் தலைமேல், வந்து விழுவார்கள்.

பதுளையில் உள்ள அந்தக் கல்லூரியின் நூலகத்தில் இணையக் கட்டுரைகளுக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாணவர் ஒரு கட்டுரையின் தலைப்பைத் தேடினால் பக்கத்தில் 'முழுக் கட்டுரை' என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் கட்டுரை திறக்க வேண்டும். அந்த இணைப்புகளைப் போடுவதும், அறுந்தால் ஒட்டுவதும் என் வேலை. பாதி நேரம் கட்டுரை திறக்காது, டொலரில் ஒரு விலைதான் திறக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் முழிப்பார்கள். நானும் முழிப்பேன்.

அப்படி முழித்தவர்களில் ஒருத்தி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஆசிரியப் பயிற்சியில் இறுதியாண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் சொற்கள், இதுதான் அவளுடைய ஆய்வு. ஆய்வேடு தேறினால் ஆசிரியர் நியமனம். தேறாவிட்டால் இன்னோர் ஆண்டு. இன்னோர் ஆண்டு தாங்குகிற வீடில்லை அது. அவள் ஒரு தலைப்பை எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"மிஸ், இது எங்க தோட்டத்தப் பத்தித்தான். வெளிநாட்டுல இருந்து வந்து எழுதுனாங்க. நான் அப்ப எட்டாம் ஆண்டு. எங்க அம்மாகிட்டதான் ரொம்ப நேரம் பேசுனாங்க. நான்தான் அவங்க ஒக்கார கதிரை எடுத்துப் போட்டேன்."

பொத்தானை அழுத்தினோம். விலை வந்தது.

"எங்க அம்மா பேசுனதப் படிக்க எங்களுக்கே காசா மிஸ்?"

அன்றைக்கே கட்டுரை ஆசிரியருக்கு நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் காலையில் முழுக் கட்டுரையும் வந்து சேர்ந்தது, அன்பான நாலு வரியோடு. மனிதர் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். அவளுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், நான் சொல்லிக்கொண்டே போனேன். பெயரை மாற்றிவிட்டிருந்தார்கள். ஆனாலும் கானுக்குள் விழுந்து முழங்கால் வீங்கிய பெண் என்றதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேயிலை மலையில் தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கானில் அம்மா விழுந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. "அம்மாதான் மிஸ், அம்மாதான்" என்று திரையைத் தொட்டாள்.

அடுத்த வரியில் அந்த அம்மா சொன்னதாக இருந்தது இது: 'அன்றைக்கு என் பெயரில் பாதியைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.'

நான் இன்னொரு தரம் படித்தேன். அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தோம்.

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவள்தான். அங்கே பேர் என்றால் பெயரல்ல, ஒரு நாள் வேலை. முழு நாளும் வேலை செய்து, கேட்ட கிலோவுக்குக் கொழுந்தும் கொடுத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ பாதியில் இறங்கினாலோ அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கால் வீங்கி மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்த அந்த அம்மா, 'அன்னைக்கு எனக்கு அரைப்பேர்தான் போட்டாங்க' என்று சொல்லியிருப்பார். கூட வந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது, தோட்டம் தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே அந்தப் பாதிப் பெயர் ஏறி உட்கார்ந்திருந்தது. இந்தப் பெண்கள் தங்களைப் பாதி மனிதர்களாகவே உணர்கிறார்கள், பெயரிலேயே ஊனப்பட்டிருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் போனது. சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்த அம்மா முறையிட்டது முழுக்க அதைப் பற்றித்தான். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

பிள்ளை கெட்டிக்காரி. தன் ஆய்வேட்டில் அரைப்பேர் என்றால் என்னவென்று ஒரு பக்கம் தெளிவாக எழுதி, கட்டுரை சறுக்கிய இடத்தையும் காட்டினாள். விரிவுரையாளர் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து 'ஆதாரம்?' என்று எழுதிக் கொடுத்தார்.

நான் போய்க் கேட்டேன். "சேர், நானும் தோட்டத்துக்காரிதான். அரைப்பேருன்னா அரை நாள் சம்பளம். இதுக்கு எதுக்கு சேர் ஆதாரம்?"

"நீங்க சொன்னா ஆதாரமா? ஆய்விதழ்ல வந்திருக்கா?"

"அவ அம்மா சொன்னதுதானே சேர் ஆய்விதழ்ல வந்திருக்கு. அந்த அம்மாவையே கேட்டு எழுதட்டுமே."

"நேர்காணல்னா தோட்ட நிர்வாகத்தோட அனுமதிக் கடிதம் வேணும். மகளே அம்மாவப் பேட்டி எடுத்தா அது ஆய்வில்ல, வீட்டுக்கதை."

ஒரு வாரம் தேடினேன். எங்கள் சந்தாவில் உள்ளதெல்லாம் துழாவினேன். மலையகக் கதைப் புத்தகங்களில் அரைப்பேர் கொட்டிக் கிடக்கிறது. கொண்டுபோய்க் காட்டினால் கதை ஆதாரமாகாது என்றார். ஆய்விதழ்களில் அகப்பட்ட இரண்டு கட்டுரைகளும் அந்த முதல் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பாதிப் பெயரைப் பற்றியே உருகின. கட்டுரை ஆசிரியருக்கும் விளக்கமாக எழுதினேன். நன்றி சொன்னார். இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிப்பது அந்தச் சொல்லுக்கு இன்னும் அழகு சேர்க்கிறது என்று பதில் வந்தது. அழகாம். என் அம்மா அரைப்பேர் வாங்கி வந்த நாட்களில் எங்கள் வீட்டில் என்ன அழகு இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒப்படைக்க நாலு நாள் இருக்கும்போது அவள் வந்து நின்றாள்.

"என்ன மிஸ் செய்ய?"

போராடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரந்தர வேலையில் உட்கார்ந்துகொண்டு அவள் நியமனத்தைப் பணயம் வைக்க நான் யார்? "அவரு சொல்றபடியே எழுதிரு. மொதல்ல பாஸ் பண்ணு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, போய் ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அழித்தாள். அரைப்பேர் என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்து, அதற்குப் பொருளாகக் கட்டுரையில் இருந்தபடியே பாதிப் பெயரைத் தமிழில் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நல்ல புள்ளி கிடைத்தது. விரிவுரையாளர் அந்தப் பக்கத்தைத் தனியாகப் பாராட்டினார். சிறந்த ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றுவது எங்கள் வழக்கம், ஏற்றுவதும் நானே. ஏற்றி, இணைப்புக் கொடுத்தேன். இன்று எங்கள் நூலகத்தில் யார் அரைப்பேர் என்று தேடினாலும் முதலில் வருவது அவளுடைய ஆய்வேடுதான். பொத்தானை அழுத்தினால் உடனே திறக்கிறது, விலை கேட்பதில்லை.

சான்றிதழ் வழங்கிய அன்று தன் அம்மாவை நூலகத்துக்கு அழைத்து வந்தாள். மெலிந்த மனுஷி, காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். மகள் எழுதியதைப் பார்க்க வேண்டும் என்றார். திரையில் திறந்து காட்டினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"அரைப்பேருன்னு இருக்கா?" என்று மகளைக் கேட்டார்.

"இருக்கும்மா."

"அந்த வெளிநாட்டுக்காரவங்க எழுதுனதுலயும் இருக்கா?"

"அதுலயும் இருக்கு."

அந்த முகத்தில் அப்படியொரு திருப்தி. "அன்னைக்கு அவ்வளவு நேரம் ஒக்காந்து சொன்னது வீண்போகல. வெளிய தெரிஞ்சாத்தான் இந்த அரைப்பேரு போடுறத நிப்பாட்டுவாங்கன்னு சொல்லிச் சொல்லி அனுப்புனேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவங்க எழுதிட்டா நிப்பாட்டிருவாங்கதானே மிஸ்?"

மகள் சான்றிதழைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றாள்.

"ஆமாங்க" என்றேன்.