குதிரையை விட்டு இறங்காத இளவரசி

"எழுத்துக்கூட்டிப் படிக்கற பொண்ணு, இதுவா அரண்மனைக் கதைய படிச்சிக் காட்டப் போவுது?" என்று வாத்தியார் வீட்டம்மா எங்கள் தெருவே கேட்கும்படி சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதுவரை எழுத்தைக் கூட்டியவர்கள்கூட யாரும் கிடையாது. அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் படித்தவள். அந்தத் தலைக்கனம் எனக்கு அப்போதே உண்டு. இப்போதும் குறையவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் மாதமே பெட்டியோடு திரும்பி வந்தவள், அடுத்த வருஷம் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். காக்கிச் சட்டை போட்டு ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கினாள். புருஷனை விட்டவள் என்று தெருவில் யாரும் அவளை வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். அதற்கெல்லாம் அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் ஏங்கியது ஒரு வார இதழில் வந்த சரித்திரத் தொடர்கதைக்குத்தான்.

வல்லாள மகாராஜா காலத்துக் கதை. ஆண் வேடமிட்டுக் குதிரைப்படையில் சேர்ந்த இளவரசி. அவளை ஆண் என்று நம்பிக்கொண்டே மனதைப் பறிகொடுத்துவிட்டுத் திண்டாடும் படைத்தலைவன். வியாழக்கிழமை மாலைகளில் வாத்தியார் வீட்டம்மா அதைப் படித்துச் சொல்ல, பூ கட்டும் பெண்கள் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். அத்தை ஆட்டோவை அணைத்துவிட்டு வெளியே நின்று கேட்பாள். ஒருநாள் அவர் கதையைப் பாதியில் நிறுத்தி, அங்கே யார் சவாரிக்குக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டார். பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே அத்தை பேருந்து நிலையக் கடையில் இதழ்க் கட்டைப் பிரிக்கும்போதே ஒன்றை வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள். பள்ளி விட்டதும் நான் வாசலில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். வாத்தியார் வீட்டம்மா சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே கதை தெரிந்துவிடும் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? ஒரே மாதத்தில் ஏழு பெண்களும் பூக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு மாறிவிட்டார்கள். அத்தையின் கையால் அவர்கள் டீ வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை. கதை தடைப்பட்டால் இவர்களும் வரமாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

கடைசி அத்தியாயம் வரும் வியாழக்கிழமை பேருந்து நிலையத்தில் ஓர் இதழ்கூட இல்லை. வாத்தியார் வீட்டம்மா விடிந்ததும் வந்து, சொந்தக்காரர்களுக்கு என்று சொல்லி அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

பள்ளிக்கு விடுமுறை. "ஏறு பாப்பா," என்றாள் அத்தை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிர்க் கடையில் கேட்டோம், இல்லை. கீழ்பென்னாத்தூருக்கு விட்டாள் வண்டியை. வழியெல்லாம் லாரிகளைத் தாண்டினோம். நானே குதிரைப்படையில் இருப்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவினேன். அங்கே ஒரு சலூனில் ஒரே ஓர் இதழ் இருந்தது. கடைக்காரர் தருவதாக இல்லை. அவருடைய மாமியாரையும் ஒரு மூட்டை வேர்க்கடலையையும் திருவண்ணாமலையில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாக அத்தை பேரம் பேசினாள். திரும்பும்போது இதழ் மாமியாரின் மடியிலேயே இருந்தது. என்னைப் பிரிக்க விடவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது ஏழு பேரும் காத்திருந்தார்கள். எட்டாவதாக வாத்தியார் வீட்டம்மா வேலிப் படலைப் பிடித்தபடி, கைக்கு வராத இதழை நாங்கள் எப்படிப் படிக்கிறோம் என்று பார்க்க வந்து நின்றார்.

பிரித்தேன். தொடர்கதைப் பக்கங்கள் இல்லை. பிளேடால் ஓரத்தோடு வெட்டி எடுத்திருந்தார்கள். தொடர்கதைப் பைத்தியங்கள் வாராவாரம் பக்கங்களை வெட்டிச் சேர்த்து பைண்ட் பண்ணி வைப்பார்கள். கீழ்பென்னாத்தூரிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மிச்சமிருந்தவை ஒரு குக்கர் விளம்பரமும் ராசிபலனும்தான்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கதையின் தலைப்பில் எப்போதும் ஒரு குதிரைப் படம் இருக்கும். அந்தப் பக்கத்தில் குதிரை இல்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள். பிறகு என் தோளில் கை வைத்து, "படி," என்றாள்.

குக்கரைப் பார்த்துக்கொண்டே படித்தேன். போர் முடிந்தது. மலையடிவாரத்தில் தலைப்பாகை அவிழ்ந்து இளவரசியின் கூந்தல் புரண்டது. படைத்தலைவன் மண்டியிட்டு, குதிரையை விட்டு இறங்கி அந்தப்புரத்துக்கு வரும்படி வேண்டினான். இளவரசி சொன்னாள்: "நான் இறங்குவதற்கில்லை. வேண்டுமானால் நீர் பின்னால் ஏறிக்கொள்ளும்."

அவன் ஏறிக்கொண்டான். பூ கட்டிய கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

ஒருத்தி படல் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீ காலைலயே படிச்சிருப்பியே. இப்டிதான் முடியுதா?"

என் தோளிலிருந்த அத்தையின் கை இறுகியது. வாத்தியார் வீட்டம்மா நின்ற இடத்திலிருந்து குக்கர் படம் நன்றாகவே தெரிந்திருக்கும். என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்டியேதான்," என்றார். "ஒரு எழுத்து ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல." பிறகு என்னிடம், "இன்னாடி, இன்னிக்கி எழுத்துக்கூட்டாமலே படிக்கற?"

சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அத்தை எட்டாவது டம்ளர் தேடிப் போனாள்.

என் சாமர்த்தியத்துக்குப் பயந்துதான் அவர் அடங்கிப்போனார் என்று பல வருஷம் நான் பீற்றிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் சேர்ந்த அன்று, அவர் அந்தத் தொடரை பைண்ட் பண்ணி வைத்திருந்த புத்தகத்தை எனக்குக் கொடுத்தார். புரட்டிப் பார்த்தேன். கடைசி அத்தியாயம் அதில் இல்லை. நிஜத்தில் எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, "அதான் நீ படிச்சியே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஊரிலிருந்த அத்தனை பிரதியையும் கையில் வைத்திருந்த ஒருவருக்கு இதழில் வந்த முடிவு எவ்வளவு பிடிக்காமல் போயிருக்க வேண்டும் என்பது அந்தப் பத்து வயதில் எனக்கு எட்டவில்லை.

போன வியாழக்கிழமை, நான் எழுதும் சரித்திரத் தொடரின் முதல் மூன்று அத்தியாயங்களை ஒரு வார இதழுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தபால் நிலையத்துக்கு அத்தைதான் ஆட்டோ ஓட்டி வந்தாள். வாத்தியார் வீட்டம்மா பின்னால் ஏறிக்கொண்டார்.