ஹார்மனி என்றால் மூட்டு

தச்சர் சேர்த்த இரண்டு பலகைக்கு நடுவே தலைமயிர்கூட நுழையாது. அதில் அவருக்கு ஏகப்பட்ட தலைக்கனம். சொந்த வீட்டுச் சமையலறைக் கதவையும் அப்படித்தான் மாட்டியிருந்தார். மழை வந்தால் மரம் ஊறிக் கதவு பிடித்துக்கொள்ளும். மனைவி தோளால் இடித்துத் திறப்பாள். "என்ன பிடிப்பு பாரு!" என்று இவர் பூரிப்பார்.

பட்டறையை மூடிய பிறகு மனுஷனுக்குப் பொழுது போகவில்லை. மனைவி வாரம் ஒருமுறை போய்வந்த சேர்ந்திசைக் குழுவில் தானும் போய் ஒட்டிக்கொண்டார். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மாலைதான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பக்கத்திலேயே நின்று, அவள் பிடித்த சுரத்தையே பிடித்து, தொண்டை கிழியப் பாடினார். ஒற்றுமையாம்!

பாட்டு டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், எல்லாரும் ஒரே சுரத்தைப் பாடினா அது ஹார்மனி இல்ல. வேற வேற சுரம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். கிரேக்கத்துல ஹார்மோஸ்னா மூட்டு, ரெண்டு பலகை சேர்ற இடம். அதுலேர்ந்து வந்த வார்த்தைதான் இது."

தச்சருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "பாத்தியா, உன் பாட்டே என் தொழில்ல பொறந்ததுதான்!" என்றார்.

"மூட்டுன்னா பலகை ரெண்டு வேணும்ல? அங்க உங்க சத்தம் மட்டும்தானே இருக்கு. என் குரல் எனக்கே கேக்கல. நான் நின்னுக்கிறேன், நீங்களே போங்க," என்றாள் மனைவி.

அந்த வாரம் அவள் சமையலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தபோதெல்லாம் இவர் பூரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்பன்று, "நீ கிளம்பு. நான் இனிமே வரல, வீட்ல வேலை கிடக்கு," என்றார். அவள் நம்பாமல் பார்த்துவிட்டுப் போனாள். இவர் சமையலறைக் கதவைக் கழற்றி, விளிம்பை இழைத்து, மரம் ஊற இடம் விட்டு மாட்டினார். வெளியே நல்ல மழை.

அவள் திரும்பும்போது தெருவிலிருந்தே பாட்டுக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவர் தனியாகக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

அவள் பாடிக்கொண்டே வந்து, பழக்கதோஷத்தில் சமையலறைக் கதவைத் தோளால் இடித்தாள். அது சட்டென்று விலக, உள்ளே நின்றவர் மேலேயே வந்து விழுந்தாள்.

"சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று சிரித்தாள்.

"நிறுத்தாத," என்றார் தச்சர். "நீ பாடு. நான் வாயைத் திறக்கல."