பூட்டிய வீட்டுக்கு வந்த பார்சல்கள்

பார்சல் ஆபீஸ் வேலைக்குப் போனால் முதுகு போய்விடும் என்பார்கள். எனக்கு முதுகு இன்றுவரை நன்றாக இருக்கிறது, போனது தூக்கம்தான்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. அதுவரை யாருக்குப் பார்சல் வந்தாலும் அவர்களே ஆபீசுக்கு வந்து வாங்கிப் போவார்கள். சின்னப் பார்சல்களை இனி வீட்டிலேயே கொண்டுவந்து தருவோம் என்று முதலாளி புதிதாகப் போர்டு எழுதி வைத்திருந்தார். பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், தெரியாத ஆளுக்குப் பெண்கள் கதவைத் திறக்க மாட்டார்கள், ஒரு பொம்பளையாள் போனால்தான் சரிப்படும் என்று அவருக்கு யோசனை சொன்னவர் காதர் பாய். ஆபீஸில் நோட்டு எழுதுவதும் குடோன் சாவி வைத்திருப்பதும் பாய்தான். எனக்காகச் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். முதல் நாளிலிருந்தே என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

காலையில் ராஜபாளையம் தெருக்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒயர் கூடையோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர். வீடு வீடாக ஏறி இறங்கிய யாராவது இதைப் படித்தால், கதவில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

காலித் தொட்டி

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வீட்டுக்கு மூன்றாம் தடவையாகப் போகிறேன், அன்றும் பூட்டு. திருப்பித் தூக்கிக்கொண்டு போனால் முதலாளி முகம் சுளிப்பார். வெளியே வாசற்படியில் வைத்தால் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். சுற்றிப் பார்த்தேன். காம்பவுண்டுக்குள் சிமெண்டுத் தொட்டி ஒன்று, சுத்தமாகக் கழுவி, காய்ந்து, தகர மூடி போட்டு இருந்தது. எந்தத் திருடன் தண்ணீர்த் தொட்டிக்குள் பார்சலைத் தேடுவான்? உள்ளே இறக்கி வைத்து மூடிவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் தொட்டியைக் கழுவி, குழாயைத் திறந்துபோட்டு, ரப்பர் டியூபை உள்ளே விட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் அப்படித்தான் செய்வேன். அந்த டியூபைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் பார்சலையே வைத்திருக்கிறேன், இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் கையெழுத்து வாங்கப் போனபோது அந்த வீட்டு அம்மா என்னைத் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தளும்பத் தளும்பத் தண்ணீர், அடியில் அட்டைப்பெட்டி ஊறிக் கிடந்தது. அந்த அம்மா சத்தம் போடவேயில்லை. "நல்ல தண்ணி இம்புட்டு சீக்கிரம் நெறைஞ்சிருச்சேன்னு சந்தோசமா கொடத்தை முக்குறேன் தாயி, பட்டாளத்துல இருந்து எம்மவன் அனுப்புன ரேடியோ மேல போயி இடிக்கி" என்றார்.

பக்கத்து வீட்டுக் கையெழுத்து

அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, இன்னொரு பார்சல் கெட்டாலோ தொலைந்தாலோ நீ வீட்டோடு இருந்துகொள்ளம்மா என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குப் பிடித்த பயம்தான், பேப்பரில் சுற்றிய பொட்டலத்தைக் கண்டாலே அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

பாய் ஒரு வழி சொன்னார். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள், சாவியையே நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் இது என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சர் வீட்டுப் பார்சலை அப்படித்தான் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். நாலு நாள் கழித்து அதே தெருவுக்குப் போனால், டீச்சர் வாசலில் நிற்கிறார், முகம் செத்துப் போயிருக்கிறது. பார்சலில் வந்தது ரவிக்கைத் துணி. பக்கத்து வீட்டு அம்மா பெட்டியைப் பிரித்து, தெருவில் எல்லோருக்கும் காட்டி, ஆளாளுக்கு அபிப்பிராயம் கேட்டு, துணியைத் தையற்காரரிடமே கொடுத்துவிட்டிருக்கிறார்.

அடுத்தவர் பார்சலைப் பிரிக்கலாமா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். டீச்சர் ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டால் என் வேலை அவ்வளவுதான். ஆனால் டீச்சர் அந்த அம்மாவோடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக் குடியிருப்பவர், புகார் எழுதுவாரா? உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் என் மேல் வருத்தம். "நல்லதுக்குக் காலமே இல்ல. அவ அளவு எனக்குத் தெரியாதா? கையி மட்டும் செத்த எறக்கமா வைக்கச் சொல்லியிருக்கேன்."

நாய் இருக்கிற வீடு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்த ஒருவர் ஆபீசுக்குப் போன் செய்து, எங்கள் வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் கேட்டுக்குள் வைத்துவிட்டுப் போகலாம், எங்கள் நாயைத் தாண்டி ஒருத்தனும் வர முடியாது என்று சொல்லியிருந்தார். உயரமான வெள்ளை நாய். கேட்டருகே போனதும் எழுந்து நின்றது, குரைக்கவில்லை, என்னையே பார்த்தது. தெருவில் கிடந்த ஒரு நீளக் கம்பால் பார்சலைக் கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

தூத்துக்குடிப் பார்சல் அது. உள்ளே கருவாடு. சாயங்காலம் போனபோது அட்டை ஒரு பக்கம், பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம், நடுவில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. என் வேலையை அது தின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். தறிக்காரரோ தானே சொன்ன யோசனை என்பதால் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் நாயை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "திருடன் தூக்கிப் போட்டா எங்க நாயி மோந்துகூடப் பாக்காதும்மா. நீங்க மரியாதையா கொண்டாந்து குடுத்தீக, அதான் தின்னுருக்கு."

அரிசி டிரம்

அதற்குப் பிறகு நான் எந்தப் பார்சலையும் எங்கும் வைப்பதில்லை. ஆளைப் பார்த்து, கையில் கொடுத்து, என் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து. ஆள் இல்லையென்றால் திரும்பக் குடோனுக்குக் கொண்டுபோய்விடுவேன். இப்படியே சில வருஷங்கள் ஒரு சேதமும் இல்லாமல் போயின. தொண்ணூறுகள் வந்துவிட்டன.

ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த ஒரு அம்மாவுக்கு மதுரை ஜவுளிக்கடையிலிருந்து பெட்டி வந்தது. வீட்டில் ஆள் இல்லை. அந்த வாரம் எங்கள் குடோனில் எலித் தொல்லை. துணி என்றால் எலிக்குச் சொல்ல வேண்டுமா? பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுபோய், காலியாக இருந்த அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துப் பார்ப்பார்கள் என்ற பயம். மறுநாள் முழுக்க ராஜபாளையத்திலேயே வேலை சரியாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

டைப்பிஸ்ட் அம்மா என் முன்னால் பெட்டியைப் பிரித்தார். ஒரு பச்சைச் சேலை, அதன் மடிப்புக்குள் அவர் அக்கா வைத்த கடிதம். கடிதத்தைப் படித்தவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். கவிழ்த்துத் தட்டினார். என்னைப் பார்த்தார். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மாவுக்குன்னு எழுதியிருக்கா. அம்மாவோடது எங்கே?"

குடோன் சாவி

பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது எனக்கு நினைவில்லை. பெட்டி என் வீட்டில் பூட்டுக்குள் இருந்தது, டிரம்முக்குள் இருந்தது. கயிறு கட்டியது கட்டியபடி இருந்தது. என்னிடம் வந்த பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றால், என்னிடம் வருவதற்கு முன்னால்தான் நடந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் பெட்டி இருந்த இடம் குடோன்.

முதலாளி விசாரித்தார். என் வேலை போகப்போகிறது, பிள்ளைகள் படிப்பு நிற்கப்போகிறது என்பது தவிர என் மண்டையில் ஒன்றும் இல்லை. நான் தொடவில்லை, குடோன் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே திடுக்கிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

காதர் பாய் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு தரம் என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார். பேனாவை மூடினார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து முதலாளி மேசைமேல் வைத்தார். "சேலை கெடைக்கிற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும் மொதலாளி. நான் வீட்டுல இருக்கேன், சொல்லி விடுங்க, வாரேன்."

பொங்கல்படி

கல்யாணம் ஆகிப் போன பெண்ணுக்குப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சேலை உண்டு. என் நாத்தனார் சேத்தூரில் வாக்கப்பட்டவள். வருஷாவருஷம் பொங்கல்படியாக ஒரு சேலை கொண்டுபோய்க் கொடுப்போம். அந்த வருஷம் இருந்த கலக்கத்தில் எனக்கு அது ஞாபகமே இல்லை.

பொங்கலன்று மத்தியானம் நாத்தனார் வந்தாள். அரக்குச் சிவப்பில் புதுச் சேலை, தங்க நிறக் கரை. காலையில் அய்யனார் கோவிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறாளாம். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகாத அந்த ஒரு நாளில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். டிரம்மில் அரிசி இருக்கிறதா என்று திறந்த என் வீட்டுக்காரர், ஜவுளிக்கடைப் பெயர் போட்ட பெட்டியைப் பார்த்து, உன் மதினி உனக்கு எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள் போல என்று பிரித்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பச்சைச் சேலை எனக்கென்று நானே எடுத்தது என்று நினைத்து, நான் வெட்கப்படக் கூடாதே என்று பழையபடி கயிறு கட்டி வைத்துவிட்டார். பெட்டிக்கு அடியில் விலாசச் சீட்டு ஒட்டியிருந்ததை ரெண்டு பேரும் பார்க்கவில்லை. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் சந்தேகப்பட்ட நான், வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுப்பில் பொங்கல் அடிப்பிடிப்பதுகூட எனக்குத் தெரியவில்லை. நாத்தனார் முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "வருசா வருசம் தள்ளுபடியில கெடந்ததா பாத்து எடுப்பீக மதினி, இந்த வருசந்தான் ஒரு மனுசிக்கு எடுத்த மாதிரி இருக்கு."

முதலாளி முன்னால்

விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் அங்கேயே என் பழைய சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாள். சிவப்புச் சேலையைத் துவைத்துத் தேய்த்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனேன். டைப்பிஸ்ட் அம்மா நான் சொன்னது முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். என் அம்மா பொங்கலுக்குப் பழைய சேலைதான் கட்டினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாய் வீட்டுக்குப் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. போனேன். அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அந்த டீயை யாரும் தொடவில்லை. பாய் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு ஆபீசுக்கு வந்தார். முதலாளியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவிக்கொத்தைப் பாயிடம் நீட்டினார், என்னை வாசலைப் பார்த்து நடக்கச் சொன்னார். பாய் சாவியை வாங்கவில்லை. எனக்காக அவர் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் பேசினார், என் வேலையும் தப்பியது. ஆனால் அன்றையிலிருந்து என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவது நின்றுபோனது. அதுவரை கூடையில் அள்ளிப்போட்டுக் கொடுத்தவர், பிறகு ஒவ்வொரு பார்சலுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். கடைசி நாள் வரை அப்படித்தான். அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்க்காமல் முதலாளியிடம் அவர் சொன்னது இது: "இந்தம்மாவே இருக்கட்டும் மொதலாளி. தண்ணியில போட்டாச்சு, நாயிக்கும் குடுத்தாச்சு, நாத்தனாருக்கும் கட்டிவிட்டாச்சு. புதுசா ஒருத்தி வந்தா அம்புட்டையும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பா."

திருடனுக்குப் பயந்தே அத்தனை வருஷம் தூக்கத்தைத் தொலைத்த எனக்கு, வேலையை விட்டு நிற்கும்வரை ஒரே ஒரு திருடனைக்கூடக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.