மார்கரெட் கற்றுக்கொடுத்த தையல்

சத்தியசீலனின் பெயர் பாய்மரப் படகுக் குழுவில் வந்துவிட்ட செய்தியை மார்கரெட் அவன் வாயால் கேட்கவில்லை. டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்சவேணி சொல்லித்தான் தெரிந்தது.

“ஏனுங் சிஸ்டர், உங்க வீட்டுக்காரரு உலகத்தையே சுத்திட்டு வரப் போறாருங்களாமா? ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்கன்னு எங்க வீட்ல சொன்னாரு. காத்துலயே போற படகாமுங்களே.”

“ஆமா” என்று சொல்லிவிட்டாள் மார்கரெட். தனக்குத் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. காய்க்காரன் “ஜல்தி, சிஸ்டர்ஜி” என்று குரல் கொடுத்த பிறகுதான், கையிலிருந்த ஒரே வெண்டைக்காயைத் துண்டு துண்டாக ஒடித்துப் போட்டிருப்பதைப் பார்த்தாள்.

மார்கரெட் மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் கிடைத்தது. சத்தியசீலன் கடற்படையில் அதிகாரிகளுக்குக் கீழ்நிலையில் வரும் பெட்டி ஆபீசர். இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடி. அவனுடைய அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். அதனால் பாய், கயிறு, காற்று எல்லாம் அவனுக்குச் சிறுவயதிலேயே கைவந்தவை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் பம்பாயிலும் கப்பலிலுமாக இருந்தான். லீவு கிடைத்தால் டெல்லி. ஒரே மகள் டெய்சி. மூன்றாம் வகுப்பு. தமிழைவிட இந்திதான் அவளுக்கு நாக்கில் நிற்கும். அப்பா தெருமுனையில் பெட்டியோடு வருவதைக் கண்டால் “டாடி ஆ கயே” என்று மாடிப்படி அதிர இறங்கி ஓடுவாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் குளிர் முடிகிற நேரத்தில் மூளைக் காய்ச்சல் வந்து டெய்சி போய்விட்டாள். அவன் கப்பல் அப்போது அந்தமானுக்கு அப்பால் எங்கோ இருந்தது. அவன் வந்து சேர்ந்தபோது குழிமேல் வைத்த பூக்கள் கறுத்துச் சுருண்டிருந்தன. கடற்படை இரங்கி அவனுக்கு டெல்லியிலேயே, தலைமையகத்தில் ஒரு மேசை வேலை கொடுத்தது.

அன்றிலிருந்து அவன் வீட்டில்தான் இருந்தான். காலையில் சைக்கிளில் போனான், மாலையில் வந்தான், போட்டதைச் சாப்பிட்டான். டெய்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. காய்ச்சல் எப்படி ஆரம்பித்தது, யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிள்ளை கடைசியில் என்ன சொன்னது, எதையும் அவன் கேட்கவில்லை. அதை மார்கரெட் இரக்கம் என்றே எடுத்துக்கொண்டாள். புண்ணைக் கிளற மனமில்லாத மனுஷன் என்று நினைத்தாள். டூட்டி அறையில் மற்ற நர்சுகள் தங்கள் வீட்டுக்காரர்களின் சுடுசொற்களைச் சொல்லி மூக்கைச் சிந்தும்போது, நம்ம ஆள் ஒரு குத்தம் சொன்னதில்லையே என்று அவளுக்குள் ஒரு ஆறுதல் ஓடும். அந்த மூன்று வருஷத்தையும் அவள் கடந்தது பெரும்பாலும் அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான்.

அன்று மாலை அவன் வந்ததும் காபியை வைத்துவிட்டு, “எப்பம் போறீய?” என்று கேட்டாள்.

அவன் கொஞ்சம் திகைத்தான். “மழை முடியவும் பம்பாயில இருந்து கிளம்புது. அதுக்கு முன்னாடியே அங்க போயி படகுல பழகணும். ஆகஸ்டுல இங்கேருந்து போகணும்.”

“திரும்பி வர?”

“ஒன்றரை வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்.”

“ஆள் எடுத்தாவளா, நீங்களாக் கேட்டீயளா?”

“நானாத்தான் கேட்டேன்” என்றான். பிறகு காபியைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு இங்க மூச்சு முட்டுது, மார்கரெட்” என்றான்.

அவளுக்கும்தான் முட்டியது. டெய்சி கிடந்த வார்டைத் தாண்டித்தான் அவள் தினமும் டூட்டிக்குப் போகிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவனுக்குக் கடல் ஒன்றுதான் மருந்து என்றால் போய் வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஏற்பாடுகள் ஆரம்பமாயின. ராணுவ ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சொத்தைப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள், நடுக்கடலில் பல்வலி வந்தால் தாங்காது என்று. கன்னம் வீங்கி வந்தவனுக்கு மார்கரெட் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். தென்கடலின் குளிருக்கென்று கம்பளி பனியன் பின்னினாள். வெளியே ஆசியாட் விளையாட்டுப் போட்டி வரப்போகிறது என்று டெல்லி முழுக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். கரண்ட் போய்க் கூலர் நின்ற மதியங்களில் மடியில் கம்பளி நூலோடு வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து அம்சவேணி, “இந்த வேகாட்டுல ஸ்வெட்டருங்களா?” என்று வியந்தாள்.

ஜூலையில் ஒருநாள் அவன் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னான். படகில் ஆறு பேர், டாக்டர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டாவதாக ஒரு வேலை. தலைவராக வரும் அதிகாரி, “உன் மனைவி நர்ஸ்தானே, வைத்தியப் பொறுப்பு உனக்கு” என்று சொல்லிவிட்டாராம்.

“ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் சொல்லிக் குடுப்பாவ. அது போதாதுன்னு தோணுது. நீ சொல்லித் தருவியா?”

அவள் சரி என்றாள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிக்கடைக்காரனிடம் தோல் உரிக்காத ஆட்டுக்கால் கேட்டாள். முடியை மட்டும் பொசுக்கித் தரட்டுமா என்றவனிடம், பொசுக்க வேண்டாம், மழித்துக் கொடு என்றாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மழித்துக் கொடுத்தான். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லி, தேதி கடந்துபோன தையல் நூலும் வளைந்த ஊசியும் ஊசி பிடிக்கும் இடுக்கியும் வாங்கி வந்தாள். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, ஆட்டுக்காலில் பிளேடால் ஒரு நீளக் கீறல் போட்டு அவன் முன்னால் தள்ளினாள்.

“ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட குத்தாதீய, பிச்சிட்டு வந்திரும். அந்தப் பக்கம் எவ்வளவு ஆழமோ இந்தப் பக்கமும் அவ்வளவு. ஒவ்வொரு தையலையும் தனியா முடிச்சுப் போடணும்.”

முடிச்சு அவனுக்குப் புதிதில்லை. ஊசிதான் வழுக்கியது. தடித்த விரல்களுக்குள் இடுக்கி நிற்காமல் துள்ளி ஒருமுறை அவள் மடியில் விழுந்தது. அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று அடங்கினார்கள்.

சாத்துக்குடிப் பழத்தில் ஊசி குத்தப் பழக்கினாள். பிறகு தன் கையையே நீட்டி, மருந்து கலக்காத ஊசித் தண்ணீரை ஏற்றச் சொன்னாள். “நடுங்கினா எனக்குத்தான் வலிக்கும்” என்றாள். எலும்பு முறிந்தால் கட்டை வைத்துக் கட்டுவது, தீப்புண், வயிற்றுவலியில் எது சும்மா வலி, எது குடல்வால் வலி, எல்லாம் அந்த மேசையில் நடந்தது. டூட்டி முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதே அடுத்து எதைச் சொல்லித்தருவது என்று அவள் மனம் ஓடும். மூன்று வருஷத்தில் அவனும் அவளும் முகம் பார்த்து உட்கார்ந்தது அந்த நாட்களில்தான். இவன் போகாமல் இருந்துவிட்டால்கூட நன்றாக இருக்குமே என்ற ஆசை, அவள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மலேரியாக் குளிர், டைபாய்டு, நிமோனியா. பிறகு ஒரு கணம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனாள்.

“தலைவலியும் வாந்தியுமா காய்ச்சல் வந்தா, வேற எதையும் யோசிக்கக் கூடாது. ஆளை மல்லாக்கப் படுக்க வச்சு, தலைக்குக் கீழ கையக் குடுத்துத் தூக்கிப் பாக்கணும். தாடை நெஞ்சுல தொடணும். கழுத்து வளையாமக் கட்டை மாதிரி நின்னா மூளைக் காய்ச்சல். ஒரு நிமிஷம்கூடத் தள்ளக் கூடாது. ஊசியப் போட்டுட்டு ரேடியோவுல கரையக் கூப்பிடணும்.” அவன் தலையை அவளே தாங்கிப் பிடித்து வளைத்துக் காட்டினாள். “இப்படித்தான் நான் பிள்ளைக்குப் பாத்தேன்.”

அவன் தலை அவள் கையிலேயே அசையாமல் நின்றது.

“எப்பம் பாத்தே?”

“அன்னைக்குத்தான். டூட்டி முடிஞ்சு வாரேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து படுத்திருக்கா. காலையில நல்லாத்தான் சாப்பிட்டுட்டுப் போனா. தொட்டா கொதிக்குது. உடனே கழுத்தப் பாத்துட்டேன். யூனிபாரம்கூட மாத்தல. அப்படியே ஆட்டோல தூக்கிப் போட்டுட்டுப் போனேன்.”

“வந்த அன்னைக்கேவா?”

“வந்த கால்மணி நேரத்துல.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. “பிள்ளைக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் அடிச்சிட்டு இருக்கும்போது நீ மாத்திரையக் குடுத்திட்டு டூட்டிக்குப் போயிட்டேன்னு ஊர்ல சொன்னாவ” என்றான் மெதுவாக.

மார்கரெட்டுக்கு முதலில் புரியவில்லை. புரியப் புரிய, உட்கார்ந்திருந்த நாற்காலியே கீழே இறங்குவதுபோல இருந்தது. அந்த மூன்று வருஷம், அந்தப் பேசாமை, தலைகுனிந்து சாப்பிட்டது, முதுகைக் காட்டிப் படுத்தது. இரக்கம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது எல்லாம் வேறு ஏதோ.

“அதை நம்பினீயளா?”

அவன் மேசை விளிம்பை விரலால் தேய்த்தான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன செய்யன்னு பயமா இருந்துச்சு” என்றான்.

அவள் எழுந்து போய் அடுக்களைக் குழாயைத் திறந்து விட்டாள். தண்ணீர் வரவில்லை. திறந்த குழாயைப் பிடித்தபடி நின்றாள்.

அவன் அன்று முழுக்க ஹாலிலேயே இருந்தான். மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான். “நான் பேர எடுத்திருதேன். போகல.”

“வேண்டாம். போங்க.”

“கோவத்துல சொல்லுதியா?”

“கோவம் இல்ல. நீங்க என்ன நினைச்சிட்டு இங்க இருந்தீயன்னு தெரியாம இருந்ததுனாலதான் உங்களுக்குச் சோறு போட முடிஞ்சிச்சு. இப்பம் தெரிஞ்சு போச்சு. கொஞ்ச நாள் நீங்க இங்க இல்லாம இருந்தா நல்லது.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கேட்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆனால் பாடத்தை அவள் விடவில்லை. மிச்சம் இருந்ததை ஒவ்வொரு மாலையும் சொல்லிக்கொடுத்தாள், வார்டில் பயிற்சிக்கு வரும் பெண்களுக்குச் சொல்வதைப் போல, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல். இன்னொரு ஆட்டுக்கால் வாங்கி வந்தாள். அவன் போட்ட தையலில் ஒன்று கோணியிருந்தால் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் போட்டான். சில சமயம் அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கி ஊசியை மறைக்கும். அவள் காத்திருப்பாள். துடைக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

கம்பளி பனியனை முடித்துக் கொடுத்தாள். மருந்துப் பெட்டியை உப்புத் தண்ணீர் புகாதபடி பிளாஸ்டிக் தாளில் சுற்றி அடுக்கினாள். ஆளுக்கு ஒரு பைதான் படகில் அனுமதி. அவன் அந்தப் பையில் டெய்சியின் ஸ்கூல் போட்டோ ஒன்றை வைக்கலாமா என்று கேட்டான். அவன் வாயில் அந்தப் பெயரை அவள் கேட்டு மூன்று வருஷமாகியிருந்தது. “எடுத்துக்கோங்க” என்றாள்.

பம்பாய் வண்டிக்கு அவள் போனாள். போகாமல் இருக்கலாமா என்று யோசித்தாள்; அம்சவேணி பலகாரப் பொட்டலத்தோடு வாசலில் நின்று, ஆட்டோவையும் கூப்பிட்டு வைத்திருந்ததால் போனாள். பிளாட்பாரத்தில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஆட்கள் இருப்பதை நினைக்காமல் அழுதான். “என்ன மன்னிச்சிரு” என்றான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “பத்திரமாப் போங்க. காயத்த நனைய விடாதீய, யாருக்கு வந்தாலும்” என்றாள். வண்டி நகர்ந்தபோது மற்ற பெண்களைப் போலக் கூடவே நடக்காமல், நின்ற இடத்திலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் தலை வைத்து அழுதாள். போனவனுக்காக அழுகிறாளா, தன்மேல் பழி இருந்தது தெரியாமலே மூன்று வருஷம் ஒருவனைத் தாங்கிக்கொண்டிருந்த தனக்காக அழுகிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்சவேணி மேலே ஏறி வந்து, “ஒன்றரை வருசம் ஓடியே போயிருமுங்க” என்று முதுகைத் தடவினாள். அவளிடம் எதைச் சொல்வது?

படகு போன காரியத்தை முடித்துக்கொண்டு, எண்பத்து நான்கில் வெயில் ஏறும் நாட்களில் பம்பாய் திரும்பியது. குடும்பத்தாருக்கு ரயில் பாஸ் வந்தது. மார்கரெட் லீவு இல்லை என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவனே டெல்லிக்கு வந்தான். இளைத்து, தோல் கறுத்து உரிந்து, தலை பாதி நரைத்திருந்தான். அவள் மீன் குழம்பு வைத்துப் பரிமாறினாள். அவன் சாப்பிட்டு முடித்து, கை கழுவாமலே உட்கார்ந்து, “பிள்ளையப் பத்திச் சொல்லு. அன்னைக்கு நடந்தத முழுசாச் சொல்லு” என்றான்.

அவள் சொன்னாள். ஆட்டோவில் போகும்போது பிள்ளை டாடி எப்போது வருவார் என்று கேட்டது வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்தபோது மனதில் பாரம் குறையும் என்று எதிர்பார்த்திருந்தாள். குறையவில்லை.

கடற்படை அவனைக் கொச்சிக்கு மாற்றியது. கூட வா என்று கூப்பிட்டான். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவள் போகவில்லை. சண்டை இல்லை, கோர்ட் இல்லை. ஊரில் கேட்டவர்களுக்கு, வேலை அப்படி என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கல்லறைத் திருநாளுக்கு அவன் வருஷா வருஷம் டெல்லிக்கு வந்தான். இருவருமாகப் போய்க் கல்லறையைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, செவ்வந்திப் பூ வைத்துவிட்டு வருவார்கள். பஸ்ஸில் உட்கார ஓரிடம் கிடைத்தால் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் நிற்பான். இரண்டு நாள் தங்குவான். மூன்றாம் நாள் அவள் டூட்டிக்குக் கிளம்பும்போது அவனும் பையை எடுத்துக்கொண்டு கூடவே படியிறங்குவான்.