என்னவருக்கு இல்லாத வாக்கு

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுப்பு வைத்த வருடம் நாங்கள் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். என்னவர் பதினாறு வருடம் பிரான்சில் இருந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தவர். ஒன்றியத்து நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் இங்கே விசா இல்லாமல் இருக்கலாம், அதை நம்பித்தான் லண்டனுக்கு வந்தோம். என்னிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட், அதில் அவருடைய மனைவி என்று ஒட்டிய விசா.

வாக்காளர் அட்டை எனக்கு மட்டும் வந்தது. பிழையாக வந்துவிட்டதென்று கவுன்சிலுக்குப் போன் பண்ணினேன். இலங்கை கொமன்வெல்த் நாடு, அதனால் எனக்கு வாக்கு உண்டு, பிரெஞ்சுப் பிரசைக்கு இதில் இல்லை என்றார்கள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

கொஞ்சம் தள்ளி, சட்டன் என்ற இடத்தில் இருந்த என் அண்ணை எப்போதோ பிரிட்டிஷ் பிரசை ஆனவர். அண்ணி, வளர்ந்த பிள்ளைகள் இருவரோடு அந்த வீட்டில் நாலு வாக்கு. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்று, நாலு வாக்கும் விலகத்தான் என்று அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து குவிகிறார்களாம், டாக்டரைப் பார்க்க மூன்று கிழமை காத்திருக்கவேண்டியிருக்கிறதாம். நான் அவரைக் கார் நின்ற பக்கம் கூட்டிப்போனேன்.

“அண்ணை, இவரும் அப்பிடி வந்தவர்தானே. இவரை அனுப்பினா நானும் போகவேணும்.”

“உங்களை ஆர் அனுப்பப்போறாங்கள்? இது வேற ஆக்களைப் பற்றினது.”

மற்ற மூவரையாவது அவரவர் விருப்பப்படி போட விடுங்கள் என்று கெஞ்சினேன். காருக்குள் இருந்த அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

வாக்களிப்பு நாளன்று மழை. வேலைக்குப் போகும் முன் போனேன். வாக்குச்சாவடியாயிருந்த பள்ளிக்கூட வாசலில் என்னவர் குடையோடு நின்றார். ‘இருப்பது’ என்ற கட்டத்துக்கு வெளியே பென்சில் கோடு இழுபட்டுவிட்டது. அந்த வாக்கைக் கழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வேறு தாள் கேட்டேன். அங்கிருந்த பெண் பழையதை வாங்கிக்கொண்டு புதியது தந்தா.

மறுநாள் காலை, விலகுவதுதான் வென்றது என்று தெரிந்ததும் அண்ணை வீட்டுக்குப் போன் எடுத்தேன். சண்டை பிடிக்க அல்ல. எங்களுக்காக ஒருவராவது போட்டார்களா என்று அறியவேண்டும் போலிருந்தது. அண்ணிதான் எடுத்தா.

“நான் போகவே இல்லை,” என்றா. “எனக்கு ஏலுமாயிருந்தது அவ்வளவுதான்.”

பிறகு, ஐரோப்பியப் பிரசைகள் இங்கே தொடர்ந்து இருக்க விண்ணப்பிக்கவேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. என்னவர் வேலை செய்த இடங்களில் பாதி, வேலை செய்ததற்குக் கடிதம் தராத இடங்கள். ஆதாரம் போதாமல், நிரந்தரமாக இல்லாமல் ஐந்து வருடத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. எனக்கும் அவ்வளவுதான். அந்த வருடங்களில் ஒரு நல்ல கட்டில்கூட வாங்க அவர் விடவில்லை. கொண்டுபோக ஏலாததை ஏன் வாங்கவேணும் என்பார்.